62 வயது அப்பா, 15 வயது மகள்: காலம் போதுமா?

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு 62 வயது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து 60இல் ஓய்வு பெற்றவர். துணைவியாருக்கு 56. வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, உங்கள் 47ஆவது வயதில் மகளும் 49ஆவது வயதில் மகனும் பிறந்தார்கள். மகள் இப்போது பத்தாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. ஓய்வூதியம் வருகிறது, ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் மகளின் தோழி ஒருத்தி "உன் தாத்தாவா?" என்று கேட்டுவிட்டாள், அன்றிலிருந்து மகள், "அம்மா மட்டும் வரட்டும்" என்கிறாள். மச்சான் வீட்டாரோ, "நீங்கள் கண்ணை மூடுவதற்குள் பெண்ணை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுங்கள், 18 முடிந்ததும் முடித்துவிடலாம்" என்கிறார்கள். வயதான பெற்றோர் வளரும் பிள்ளைகளைச் சமாளிப்பது எப்படி என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள்.

படித்துப் பார்த்தால், சமாளிப்பதில் உங்களுக்குப் பெரிய சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்கள். வீட்டில் பெரிய சண்டை சச்சரவு இல்லை. ஆனால் "நான் இருக்கும்போதே" என்ற சொற்கள் உங்கள் கேள்வியில் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைகள் கரையேறும்வரை நாங்கள் இருப்போமா, இல்லாவிட்டால் அவர்கள் கதி என்ன என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். என் பதில் சுருக்கமாக இதுதான்: ஆயுளைப் பற்றிய பயத்தை உயிலிலும் வங்கிக் கணக்கிலும் தீர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் படிப்பிலும் கல்யாணத்திலும் கொண்டுபோய் அதை இறக்காதீர்கள்.

நான் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் ஆசிரியையாகவும் பிறகு தலைமையாசிரியையாகவும் இருந்தவள். ஓய்வுக்குப் பின் சில காலம், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளின் வழக்குகளைப் பார்க்கும் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். மருத்துவர் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. சட்டம் பற்றி எழுதுவது அந்தக் குழுவில் பழகிய அளவுக்குத்தான்; கையெழுத்துப் போடும் நாளில் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் வயதானவர் கையில் வளரும் பிள்ளைகள் புதிதல்ல. தாய் தந்தையர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, ஆயாவும் தாத்தாவும் வளர்த்த பிள்ளைகள் பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு இருப்பார்கள். உங்களைப் போலத் தாமதமாகப் பெற்றவர்கள் குறைவு என்றாலும், அவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். மகளுக்கு 18 ஆகும்போது உங்களுக்கு 65. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்றால் உங்கள் 68இலும், பொறியியல் என்றால் 69இலும் படிப்பு முடியும். மகன் பட்டம் வாங்கும்போது உங்களுக்கு 70, 71. இந்தியாவில் 60 வயதைத் தொட்டவர் சராசரியாக இன்னும் சுமார் 18 ஆண்டுகள் வாழ்கிறார். சராசரி என்பது யாருக்கும் எழுதிக் கொடுத்த உத்தரவாதமல்ல. இரத்த அழுத்தம், சர்க்கரை, பீடி சிகரெட் எல்லாம் அதைக் குறைக்கும். ஆனால் மச்சான் வீட்டார் பேசுகிற பேச்சில் இருக்கும் அவசரத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. துணைவியார் உங்களைவிட 6 ஆண்டு இளையவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"தாத்தாவா" என்ற கேள்விக்கு வருகிறேன். அது உங்களுக்குத் தைத்திருக்கிறது, எழுத்திலேயே தெரிகிறது. 13 முதல் 16 வரையிலான வயதில் பிள்ளைகள் எதற்கெல்லாம் வெட்கப்படுவார்கள் என்பதற்கு அளவே கிடையாது. 36 வயது அம்மா சத்தமாகச் சிரிக்கிறாள் என்று வெட்கப்பட்ட பெண்ணைத் தெரியும். அப்பாவின் பழைய மொபெட்டைப் பள்ளி வாசலுக்கு ஒரு தெரு தள்ளி நிறுத்தச் சொன்ன பையனைத் தெரியும். உங்கள் மகளுக்குக் கையில் கிடைத்த காரணம் நரைத்த தலை. அது இல்லாவிட்டால் வேறொன்று கிடைத்திருக்கும். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். புளி வியாபாரி மகள், கடைக்குட்டி. மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வந்த அப்பாவை, பக்கத்தில் நின்ற தோழியிடம் "எங்கள் பெரியப்பா" என்று சொல்லிவிட்டாள். அவர் காதிலும் அது விழுந்தது. ஒன்றும் பேசாமல் பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே "தந்தை" என்று சிரமப்பட்டு எழுதி, அட்டையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த தேர்வுக்கும் அவர்தான் வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார். அந்தப் பெண் பெரியப்பா என்று சொல்வதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்கு நினைவில்லை. நிறுத்திவிட்டாள்.

அதனால், கூட்டத்துக்குப் போவதை நிறுத்தாதீர்கள். நீங்கள் நின்றுவிட்டால், உங்கள் வயது மறைக்கவேண்டிய விஷயம்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். இதற்காகத் தலைக்குச் சாயம் பூசவும் வேண்டாம். உங்களுக்குப் பிடித்தால் பூசுங்கள், அது வேறு. மகளைத் தனியாக உட்காரவைத்து, "அவள் கேட்டது உனக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும், எனக்கும்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிடுங்கள். அறிவுரையை அதில் சேர்க்க வேண்டாம்.

வெட்கத்தைவிட எனக்கு அதிகம் கவலையான விஷயம் இன்னொன்று. தவமிருந்து பெற்ற பிள்ளைகள் வீட்டில் ஒரு கதையைக் கேட்டுக் கேட்டு வளர்கிறார்கள். தீர்த்தமலைப் படி ஏறியது, அதியமான்கோட்டைக் காலபைரவருக்கு வேண்டிக்கொண்டது, சேலத்தில் எந்தெந்த மருத்துவரைப் பார்த்தது, அதற்கு விற்ற நகை. ஐந்து வயதில் அந்தக் கதை பிள்ளைக்குப் பெருமையாக இருக்கும். பதினைந்தில் அதுவே கடன் பத்திரம். கணக்கில் மதிப்பெண் குறைந்த அன்று "உன்னைப் பெற நாங்கள் பட்ட பாடு" என்று ஆரம்பித்தால், அதை அடைக்க அந்தப் பிள்ளையிடம் எதுவும் இல்லை. எதிர்த்துப் பேசுவதற்கும் வழியில்லாமல் போய்விடும். அப்படிப்பட்ட பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள். வீட்டில் எதையும் சொல்லமாட்டார்கள். சங்கடம் பெரிதான பிறகுதான் விஷயம் வெளியே வரும். எனவே கோயிலைப் பற்றியும் மருத்துவத்தைப் பற்றியும் சந்தோஷமான நாளில் பேசுங்கள். கோபம் வந்த நாளில் வாயைத் திறக்காதீர்கள். அதேபோல், பிந்திப் பெற்றோம் என்ற குற்ற உணர்வில் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பதும் இந்த வீடுகளில் நடக்கிறது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு இருபதாயிரம் ரூபாய்க் கைபேசி எதற்கு?

உடம்பு சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள் உறுதியானவை. அவற்றைத் தெரிந்துகொண்டாலே வீட்டில் பாதிச் சண்டை குறையும். ஒன்று தூக்கம். வயது ஏறும்போது தூக்கம் முன்கூட்டி வந்து முன்கூட்டிக் கலையும். வளரும் பிள்ளைகளுக்கு இது நேர் எதிர். தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் அவர்களுக்குத் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணிநேரத் தூக்கம் தேவை. நீங்கள் நாலரைக்கு எழுந்து பால் வாங்கிவந்து, செய்தியைச் சத்தமாக வைத்து, ஏழு மணிக்கும் சுருண்டு கிடக்கும் மகனைப் பார்த்துச் சோம்பேறி என்றால், அவன் உடம்பு அவனுக்கு விதித்ததைத் திட்டுகிறீர்கள். அவன் இரவு பதினொன்றரைக்குப் போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டிருந்தால் அது வேறு கணக்கு. அதற்குப் பத்து மணிக்கு எல்லாக் கைபேசிகளும் கூடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும், உங்களுடையதும் சேர்த்து என்ற ஒரே சட்டம் போதும்.

இன்னொன்று காது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. பெண்பிள்ளையின் மெல்லிய குரல், அதுவும் மின்விசிறிச் சத்தத்தில், அறையின் மூலையிலிருந்து வந்தால் முணுமுணுப்பாகத்தான் கேட்கும். "வாயைத் திறந்து பேசு" என்று நீங்கள் குரலை உயர்த்துவீர்கள். "அப்பா எப்போதும் கத்துகிறார்" என்று அவள் எழுந்து போவாள். இதைப் பிடிவாதம் என்றும் மரியாதைக் குறைவு என்றும் எடுத்துக்கொண்ட அப்பாக்கள் பலர். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பிந்திப் பெற்றவர்களின் பிள்ளைகள் நன்றாக வருவார்களா, கெட்டுப்போவார்களா என்பது உறுதியாகச் சொல்லக்கூடியதல்ல. டென்மார்க்கில் சில ஆயிரம் தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், வயது கூடிய தாய்மார்கள் திட்டுவதும் அடிப்பதும் குறைவு என்றும், அவர்களின் பிள்ளைகளுக்கு 7, 11 வயதுகளில் மனச்சிக்கல்களும் நடத்தைச் சிக்கல்களும் குறைவு என்றும் கண்டார்கள். 15 வயதில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பெரியவர்களின் பொறுமை சிறு வயதில் உதவுகிறது, வளர்ந்தபின் வேறு காரணங்கள் முந்திக்கொள்கின்றன என்று அதை வாசிக்கலாம். ஆனால் டென்மார்க்கில் பிந்திப் பெறுகிறவர்கள் பெரும்பாலும் படித்து, சம்பாதித்து, தாங்களாக முடிவு செய்து தள்ளிப்போட்டவர்கள். நம் பக்கத்தில் பிந்திப் பெறுவது பெரும்பாலும் பிள்ளை பிறக்காததால். அங்கே கண்டதை இங்கே அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. நானாகப் பார்த்த அளவில், அடி உதை இந்த வீடுகளில் குறைவு, கட்டுப்பாடு அதிகம். இது என் அனுமானம்தான்.

கல்யாணப் பேச்சைப் பற்றி நான் மென்மையாக எழுதப்போவதில்லை. 18க்கு முன் என்றால் அது குற்றம். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, நடத்திவைக்கும் பெற்றோருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். உங்களிடம் அப்படி யாரும் சொல்லவில்லை, 18 முடிந்ததும் என்றுதான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நலக் குழுவில் எங்களிடம் வந்த வழக்குகளில் பாதிக்கு மேல் இதே பேச்சில்தான் ஆரம்பித்திருந்தன. முதலில் 18 முடிந்ததும் என்பார்கள். பிறகு நல்ல வரன் ஒன்று வரும். அப்பாவுக்கு ஒருநாள் நெஞ்சு வலிக்கும். பத்தாம் வகுப்பு விடுமுறையில், வைகாசி முகூர்த்தத்தில், தூரத்துக் கோயில் ஒன்றில் தாலி கட்டிவிடுவார்கள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்பதுதான் நாங்கள் அதிகம் கேட்ட காரணம்.

18 முடிந்தபின் சட்டம் தடுக்காது. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். உங்களுக்குப் பின் அவளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதுதானே நோக்கம்? கல்லூரி முதலாண்டில் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு, அந்த வாழ்க்கை இருபது வயதில் கசந்துபோனால், திரும்பி வருவதற்கு இருப்பது உங்கள் வீடுதான். நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்ற பயத்தில் செய்கிற காரியம், நீங்கள் இருந்தால்தான் தாங்கும். படித்து முடித்து, சொந்தச் சம்பளமும் சொந்தக் கணக்குப் புத்தகமும் கையில் இருக்கும் பெண்ணுக்கு அந்த நிலை வராது. ஓசூர், சூளகிரி ஆலைகளில் இன்று எவ்வளவு பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மச்சானிடம், "பட்டம் வாங்கட்டும், பிறகு அவளையே கேட்போம்" என்று மகளுக்குக் கேட்கும்படியாகச் சொல்லுங்கள். அவள் காதில் அது விழ வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஊத்தங்கரை, நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பிள்ளைகள் இப்போது அரசுப் பள்ளியில் படிப்பவர்களானால் நன்றாக யோசியுங்கள். 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரியில் படிக்கும்போது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும். விடுதிப் பள்ளிக்குச் சில லட்சங்களைக் கட்டி இதையெல்லாம் இழப்பது ஓய்வூதியக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது. ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் மிச்சமிருந்தால், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம்; அதற்கு 5 ஆண்டுக் கெடு. மகள் பட்டம் வாங்கும் நேரத்தை ஒட்டி முதிரும். தோப்பை விற்காதீர்கள், அதை நம்பியும் திட்டம் போடாதீர்கள். ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் ஏமாற்றும். பெங்களூரா ரக மாங்காய்க்கு மாங்கூழ் ஆலை வைத்ததுதான் விலை என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இனி உயில். இதை இந்த மாதத்திலேயே செய்துவிடுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை; பதிவும் கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். அதில் சொத்தைப் பற்றி எழுதுவதோடு, பிள்ளைகளுக்குக் காப்பாளர் யார் என்றும் எழுதலாம். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (18 வயது நிறையாதவர்), காப்பாளர் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் நீங்கள் இறந்து துணைவியார் இருந்தால் அவர்தான் காப்பாளர். நீங்கள் எழுதியது அப்போது செல்லாது. அவரும் யாரையும் நியமிக்காமல் இறந்தால் மட்டுமே உங்கள் ஏற்பாடு உயிர்பெறும். அதனால் இருவரும் தனித்தனியே உயில் எழுதி, இரண்டிலும் ஒரே பெயரைப் போடுங்கள். வயதில் மூத்த பெரியவரைப் போடாமல், நாற்பதுகளில் இருக்கும் சித்தியோ மாமாவோ பாருங்கள். பிள்ளைகளைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். யாரிடம் ஒட்டும், யாரிடம் ஒட்டாது என்று அவர்களுக்குத் தெரியும். இந்தப் பொறுப்பு மகளுக்கு இன்னும் மூன்று ஆண்டு, மகனுக்கு ஐந்து ஆண்டு மட்டுமே என்பதைச் சொல்லிக் கேட்டால் உறவினர் யாரும் தயங்கமாட்டார்கள். உயில் இல்லாமல் போனால், உங்கள் சொந்தச் சம்பாத்தியச் சொத்து துணைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. நீதிமன்ற அனுமதியில்லாமல் இளவரின் பங்கை விற்க முடியாது. அரசு ஓய்வூதியக்காரர் என்பதால் இன்னொன்றும் இருக்கிறது: துணைவியாருக்குப் பிறகு, மணமாகாத, சம்பாதிக்காத பிள்ளைகளுக்கு 25 வயதுவரை குடும்ப ஓய்வூதியத்துக்கு வழியுண்டு. ஓய்வூதிய ஆவணத்தில் இருவர் பெயரும் பிறந்த தேதியும் சரியாக ஏறியிருக்கிறதா என்று கருவூலத்தில் போய்ப் பார்த்துவிடுங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, ஆவணத்தில் ஒரு எழுத்து என்றிருந்தால் பிறகு அலையப்போவது பிள்ளைகள்தான்.

உங்கள் உடல்நிலையைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். வயதான பெற்றோரின் பிள்ளைகள் இரவில் எழுந்து வந்து அப்பா மூச்சுவிடுகிறாரா என்று பார்ப்பதுண்டு. என்னிடம் ஒன்றுக்கு மேற்பட்ட மாணவிகள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். என்ன நோய், என்ன மாத்திரை, மருத்துவர் என்ன சொன்னார் என்று தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பயம் குறையும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தப் பணியாளர் வரும்போது மகளும் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். ஆனால் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலையை மகள் தலையில் கட்டாதீர்கள். அவள் நிலைகுலைந்து போயிருப்பதாகத் தோன்றினால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் துணைவியாரின் வயது இருக்கிறது, அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. கணக்குப்படி பார்த்தால், கல்லூரிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்கப்போகிறவர் பெரும்பாலும் அவர்தான். தோப்புப் பட்டா எங்கே இருக்கிறது, வைப்புத்தொகை எந்த வங்கியில், உங்கள் ஓய்வூதியக் கணக்கில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறதா, தனியாகப் போய்ப் பணம் எடுக்கத் தெரியுமா? மச்சான் என்கிறீர்களே, அவர் துணைவியாரின் அண்ணனோ தம்பியோதானே? அவரிடம் பதில் சொல்லவேண்டியவரும் துணைவியார்தான். அடுத்த வாரம் வங்கிக்குப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்; படிவத்தை அவரே நிரப்பட்டும்.